காதை நம்பிய ஆட்டக்காரன்

பிரான்க்ளின் மெர்லிமாவ் ஊர்க்காரன். ஆயர் குரோ நகரில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறான். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான். கல்லூரியின் கூடைப்பந்து அணியில் அவனும் ஒருவன். உயரம் சுமார், வேகமும் சுமார். அவனைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள் மாற்று வரிசையிலேயே இருவர் இருந்தார்கள். ஆனாலும் இந்தப் பருவத்தில் முதல் ஐவரில் ஓர் இடத்தை அவனுக்கு வாங்கித் தந்தது அவனுடைய காது.

அவன் வீட்டுக்கு எதிரே சீன ஆரம்பப்பள்ளி. தமிழ்ப்பள்ளி ரப்பர்த் தோட்டத்துக்குள் தள்ளி இருந்தது. கிளினிக்கில் வேலை செய்யும் அவன் அம்மா அகதா, "ரோட்டத் தாண்டினா ஸ்கூல், மழைக்குக் குடைகூட வேணாம்" என்று அங்கேயே சேர்த்துவிட்டார். அந்தத் திடலில் பந்து என்றால் கூடைப்பந்துதான். பன்னிரண்டு வயதில் அவன் அங்கிருந்து இரண்டோடு வெளியே வந்தான்: பந்து, மாண்டரின் என்ற சீன மொழி.

மாநிலக் கல்லூரிகளின் லீக்கில் எதிரணியினர் பெரும்பாலும் சீன இளைஞர்கள். அடுத்து எந்தப் பக்கம் ஓடுவது, யார் குறுக்கே நின்று தடுப்பது என்பதையெல்லாம் மாண்டரினில் கூவிக்கொள்வார்கள். எதிரே ஒரு தமிழ்ப் பையன் நிற்கும்போது குரலைத் தணிக்க அவர்களுக்குக் காரணம் தோன்றவில்லை. பந்து வந்து சேருமுன்பே பிரான்க்ளின் அங்கே நிற்பான். அவன் அணியின் சீன நண்பர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவனுக்கு மாண்டரின் தெரியும் என்பது வெளியே தெரியாதிருக்க, களத்தில் அவனோடு மலாயில் மட்டுமே பேசுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். பயிற்சியாளர் திலீப் அவனை முதல் ஐவரில் நிறுத்தினார்.

இது ஏமாற்று வேலையா என்று அவன் யோசித்ததுண்டு. உரக்கப் பேசுகிறவன்தான் பொறுப்பு என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டான். அந்தப் பதில் அவனுக்கே முழுதாகப் போதவில்லை.

லீக்கின் பலமான அணியையும் அப்படியே வென்றார்கள். ஆட்டம் முடிந்து இரு அணியும் வரிசையில் கைகுலுக்கி வந்தபோது, எதிரணியின் ஏழாம் எண்காரன் பொதுவாக, "சிரமப்பட்டு ஆடினீர்கள்" என்று மாண்டரினில் வழக்கமான பாராட்டைச் சொன்னான். அதற்குப் பதில் சொல்வது ஆறு வருடப் பள்ளிப் பழக்கம். பிரான்க்ளின் தலையைச் சற்றுத் தாழ்த்தி, "நீங்களும்தான், நன்றி" என்று அதே மொழியில் சுத்தமாகச் சொல்லிவிட்டான். ஏழாம் எண்காரன் அவன் கையை விடாமல் சற்று நேரம் முகத்தையே பார்த்தான்.

திரும்பும் வேனில் யுவனேஸ்வரன் அவனைப் பிடித்துக்கொண்டான். அணியிலேயே உயரமானவன், பிரான்க்ளினைத் தவிர இன்னொரு தமிழன் அவன்தான்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா மச்சான்?"

"அப்படிச் சொன்னா பதில் சொல்லணும்டா. இல்லன்னா மரியாத இல்ல."

"மரியாதயாம். செமி ஃபைனல்ல அவனுங்களே வந்தா, உன் மரியாதய விட்டு மார்க் பண்ணித் தடுக்கச் சொல்லு லா."

அரையிறுதியில் அவர்களே வந்தார்கள். கல்லூரி அதுவரை அரையிறுதியைத் தாண்டியதில்லை. பிரான்க்ளினின் கவலை வேறு. காது உதவாவிட்டால் தனக்கு அந்த இடத்தில் என்ன வேலை?

"பசியாறாம எங்கடா கெளம்புற?" என்றார் அகதா, ஆட்டத்தன்று காலையில்.

"இன்னிக்குக் கோச் என்னய உக்கார வச்சிருவாரு மா."

"உக்கார வச்சா உக்காரு. ரெண்டு முட்டையத் தின்னுட்டுப் போய் உக்காரு."

ஆட்டம் தொடங்கியதும் ஏழாம் எண்காரன் "வலப்பக்கம்" என்று மாண்டரினில் கூவிவிட்டு இடப்பக்கம் போனான். பிரான்க்ளின் வலப்பக்கம் ஓடினான். பொய் என்று தெரிந்த பிறகும் கால்கள் சொல் போன திசையிலேயே போயின. மூன்றாம் முறையும் ஏமாந்ததும் திலீப் அவனை வெளியே அழைத்தார்.

"நீ எந்த டீமுக்கு ஆடுற? அவன் சொல்றதயெல்லாம் செய்யிற."

மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தான். அரங்கத்தின் இரைச்சலில் அங்கே ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் எண்காரனின் முன்கால், அவன் போகப்போகும் பக்கம் முன்னதாகவே திரும்புவது தெரிந்தது. இது பெரிய கண்டுபிடிப்பல்ல. பார்க்கிற எவனுக்கும் தெரியக்கூடியது. பருவம் முழுவதும் அவன் பார்த்திருக்கவில்லை.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் எழுந்து திலீப்பிடம் போனான்.

"சார், எறக்குங்க. இனிமே கேக்க மாட்டேன்."

"யாரு பேச்ச? என் பேச்சயா?"

"அவன் பேச்ச சார்."

திலீப் சிரிக்கவில்லை. ஆனால் இறக்கினார்.

அதன்பின் அவன் அற்புதம் எதுவும் செய்துவிடவில்லை. ஒரு முறை தப்பாகக் கணித்து வழிவிட்டான். இரண்டு முறை அந்த முன்காலை மட்டும் பார்த்து நின்று பந்தைத் தட்டிப் பறித்தான். இரண்டாவதை யுவனேஸ்வரன் ஓடிப்போய் வளையத்தில் போட்டான். ஒரு புள்ளியில் வென்றார்கள்.

தண்ணீர்க் குழாயருகே ஏழாம் எண்காரன் வந்தான். "எந்தப் பள்ளி?" என்று மாண்டரினில் கேட்டான்.

"மெர்லிமாவ்."

"கடைசியில் நான் உண்மையைத்தான் கத்தினேன். நீ நம்ப மாட்டாய் என்று நினைத்தேன்."

"எனக்குக் கேட்கவே இல்லை" என்றான் பிரான்க்ளின். ஏழாம் எண்காரன் அதை நம்பவில்லை, பிறகு இருவரும் சிரித்தார்கள்.

இறுதியாட்டத்தில் தோற்றார்கள், நல்ல வித்தியாசத்தில். அன்றும் பிரான்க்ளின் முதல் ஐவரில் இருந்தான். கைகுலுக்கும் வரிசையில் முந்திக்கொண்டு, "சிரமப்பட்டு ஆடினீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் மாண்டரினில் சொல்லிக்கொண்டே போனான். பின்னால் வந்த யுவனேஸ்வரன், "சொல்லு, சொல்லு. இனிமே மறைக்க என்ன இருக்கு" என்றான்.