டிவிக்குப் பின்னால் நின்றவள்

தாயில்பட்டி முருகேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி, லேபிள் ஒட்டி, இப்போது பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடைக்கும் பெண்கள் முப்பது பேரை மேய்க்கிறாள். ஒரு சாட்டை பாக்கெட் குறைந்தாலும் பெட்டியைத் தூக்கும்போதே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வாத்து சுடுகிற வீடியோ கேமில் அந்த வாத்து எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள். முப்பது வருஷமாக அது அவள் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

எல்லாம் சின்ன முதலாளி சரவணக்குமாரின் உபயம். முருகேஸ்வரியின் அம்மா இருளம்மாள் சிவகாசியில் அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகளையும் கூட்டிப் போவாள். அந்த வீட்டுச் செல்லப்பிள்ளைக்கு வீடியோ கேம் வாங்கியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஆயிரம் கேம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருந்தது பத்தோ பன்னிரண்டோ, அதையே பேரை மாற்றி மாற்றிக் காட்டும். கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. டிவியைப் பார்த்துச் சுட்டால் வாத்து விழும்.

ஆனால் டிவிக்குப் பின்னால் சொருகும் வயர் லூசு. யாராவது அழுத்திப் பிடித்தால்தான் படம் நிற்கும். யார் பிடிப்பது? பாத்திரம் தேய்க்கிறவள் மகள் சும்மாதானே நிற்கிறாள்! மூன்று கோடை லீவுக்கு அவள் டிவிக்கும் சுவருக்கும் நடுவில் வேர்த்து வடிய நின்றாள். வாத்து கத்துவது கேட்கும், சுடுவது கேட்கும். "விழுந்துருச்சா?" என்று ஆசையாகக் கேட்பாள். "ஏட்டி, பேசாமப் பிடி" என்பான் அவன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தாள். கை நழுவியது, படம் போனது. அவன் போட்ட கூப்பாட்டில் அவன் அம்மா வந்து, இனி இந்தப் பிள்ளையைக் கூட்டி வராதே என்று இருளம்மாளிடம் சொல்லிவிட்டாள். வாத்தைப் பார்க்கிற பாக்கியம் அத்தோடு போயிற்று.

அந்த மகாராசனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது, தலையில் டை, முன்னால் தொப்பை. போதாததற்குப் பழைய நினைப்பு வேறு பிடித்து ஆட்டியது. வாட்ஸப்பில் தினம் ஒரு ஸ்டேட்டஸ், 'அந்தக் காலமே தனி' என்று. என்ன காலத்தை இவன் கண்டான்? இந்தத் தீபாவளி ஆர்டரெல்லாம் முடிந்த கையோடு ஆன்லைனில் அதே மாதிரி ஒரு கேம் வாங்கினான். அன்றைக்கு அவனிடம் இருந்ததே ஏதோ ஜப்பான்காரன் சரக்குக்கு நகல். இது அந்த நகலுக்கு நகல். இதன் பெட்டியில் பத்தாயிரம் கேம் என்று போட்டிருந்தது. பொய் மட்டும் பத்து மடங்கு வளர்ந்திருந்தது.

ஹாலில் சுவர் அகலத்துக்கு இருந்த டிவியில் மாட்டி மூன்று நாள் சுட்டான். ஒரு வாத்தும் விழவில்லை. மெக்கானிக் சீனிவாசகம் வந்து பார்த்து, "மொதலாளி, இந்தத் துப்பாக்கிக்கெல்லாம் பழைய பிக்சர் டியூப் டிவிதான் சரிப்படும்" என்றார். ஊரெல்லாம் தேடினான். எல்லாரும் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். கடைசியில், முருகேஸ்வரி வீட்டில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவி இன்னும் ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள்.

அந்த டிவி வந்தபோது கம்பெனி வாசலில் நின்று, "ஓசின்னா வாயைப் பொளந்துக்கிட்டு வரிசையில நிப்பாக" என்று இதே வாய்தான் சொன்னது. இப்போது காரைப் போட்டுக்கொண்டு தாயில்பட்டிக்கு வந்து நின்றது.

"முருகேசு, ஒன் டிவியைக் குடு. புது எல்.இ.டி. வாங்கித் தாரேன். சின்னப் புள்ளையில நாம சேந்து வெளையாண்டது ஞாபகம் இருக்கா?"

"நாமளா?"

"ஆமா. நீயும் கூடவே இருப்பியே!"

சேர்ந்து விளையாடினார்களாம்! நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். இதை விட்டால் அந்த வாத்தை ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது.

"தாரேன். ஆனா மொதல்ல இங்கன போட்டுக் காட்டுங்க. நான் அந்த வாத்தைப் பாக்கணும்."

கேம் காரிலேயே இருந்தது. மாட்டினான். படம் வந்தது, ஒரு குதி குதித்தது, போய்விட்டது. அவளுக்குப் பார்க்கக்கூட நேரமில்லை. ஓசி டிவியின் பின்னாலும் வயர் சொருகும் ஓட்டை லூசு. துப்பாக்கியும் கையுமாக நின்றவன் யோசிக்கவே இல்லை.

"முருகேசு, பின்னால போயி அந்த வயரைச் சித்த பிடி."

முருகேஸ்வரி அசையவில்லை. கையை நீட்டினாள்.

"துப்பாக்கியை இங்கன குடுத்துட்டு நீங்க போயிப் பிடிங்க."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"என் வீட்டு டிவி மொதலாளி. வேணுமா வேண்டாமா?"

வேண்டுமே! தொப்பையை எக்கிக்கொண்டு டிவிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தான். டை அடித்த தலையில் ஒட்டடை ஒட்டியது. படம் நின்றது.

பார்த்தாள். ஒரு நீல வானம், கட்டம் கட்டமாக ஒரு புதர், அதிலிருந்து கிளம்பி வந்தது வாத்து. அதுவும் ஒரு வாத்து! அச்சுப் பிசகிய லேபிளில் வந்த படம் போல இருந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டியில் அவள் தினம் பார்க்கும் கிளி இதைவிட நூறு மடங்கு லட்சணம்.

"சீ, இம்புட்டுத்தானா!"

இந்தக் கருமத்துக்கா மூன்று லீவு நின்றோம், இதற்கா அம்மா பேச்சு வாங்கினாள் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. டிவியைத் தாராளமாகக் கொண்டுபோகட்டும். ஆனால் துப்பாக்கியை அவள் கீழே வைக்கவில்லை. சுட்டாள். தப்பியது. இன்னொரு தரம் சுட்டாள். வாத்து தலைகீழாக விழுந்தது.

"முருகேசு, விழுந்துருச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டது குரல்.

"பேசாமப் பிடிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாத்துக்குக் குறி பார்த்தாள்.