முழங்கை அக்கா

ரத்தம் எடுக்க ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே அக்காவின் விரல் நம் முழங்கைக்குப் பின்னால் போய்விடும். இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்ட் அடிக்குமே, அந்த இடத்தில் ஒரு தடவு. பிறகுதான் ஊசி. மாதாமாதம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும் நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "ரத்தம் முன்பக்கம்தானே எடுக்கணும்?"

"ரத்தம் முன்னாடிதான். நரம்பு பின்னாடி இருக்கே" என்றார்.

ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் முழங்கை அக்கா. இருபத்திரண்டு வருடம் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அந்த நோயில் முழங்கை நரம்பு தடித்துப்போகும். தடவிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோதும் கையைப் பிடித்து வரவேற்கிற சாக்கில் தடவிவிட்டாராம். "பையன் நெளிஞ்சான். ஆனா நரம்பு சுத்தம்" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

ஆய்வகமே இதைக் கேலி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். வரிசையில் அவருக்கு அடுத்து நான். ஒன்றரை வருடமாக அவருக்கு மூட்டுவாத வைத்தியம். காய்ச்சல், மூட்டு வீக்கம், தோலில் சிவப்பாய் முடிச்சுகள். மாத்திரையைக் குறைத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். ரத்தப் பரிசோதனையும் வாதம் என்றே சொன்னது. சுண்டு விரலில் தீக்காயத் தழும்புகள். அடுப்படியில் நிற்பவருக்குத் தழும்பு இல்லாமலா என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் பெரிய ஊசி தொடங்குவதாக இருந்தது.

அக்காவின் விரல் அவர் முழங்கைக்குப் பின்னால் போய் அங்கேயே நின்றுவிட்டது. பென்சில் கனத்துக்கு நரம்பு.

"சுட்டப்போ வலிச்சுதா?"

"இல்லம்மா. தோல் கருகின வாடை வந்துதான் பார்த்தேன்."

அக்கா நேரே அவருக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டரிடம் போய் நின்றார். "வாதம்னு ரிப்போர்ட்டே இருக்கேம்மா" என்றார் அவர்.

"தொழுநோய் வாதம் மாதிரியே வேஷம் போடும் சார். ரத்தமும் ஏமாந்துடும். காது மடல்ல லேசா கீறி எடுத்துப் பார்க்க விடுங்க. இல்லைன்னு வந்தா இனிமே யார் முழங்கையையும் தொட மாட்டேன்."

நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், கட்டுக்கட்டாகத் தொழுநோய்க் கிருமிகள். நுண்ணோக்கியிலிருந்து டாக்டர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நல்ல மனிதர், பெரிய ஊசியை அப்போதே ரத்து செய்தார். இப்போதெல்லாம் அவரும் கைகுலுக்கினால் சட்டென்று விடுவதில்லை.

நோயின் பெயரைக் கேட்டதும் ரொட்டிக்கடைக்காரருக்கு முதலில் கடைதான் ஞாபகம் வந்தது. "இனி என் கடைக்கு யாரும்மா வருவாங்க?"

அக்கா அவர் கையை விடவே இல்லை. "மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவாது. ஒரு வருஷம் மாத்திரை, கதை முடிஞ்சுது. வாதமா இருந்தா ஆயுசுக்கும் முழுங்கணும். சந்தோஷப்படுங்கண்ணே."

போன மாதம் அவரை மறுபடி பார்த்தேன். மருந்து முடிகிற தறுவாய். முடிச்சுகள் இல்லை, கடை நன்றாக ஓடுகிறதாம். அக்கா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டார்.

"எங்க தொடறேன்?"

"கட்டை விரல்."

"இப்போ?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சுண்டு விரல்... சுண்டு விரல்தாம்மா."

சூடு பட்டும் தெரியாத விரலுக்குப் பஞ்சு தெரிகிறது; பரிசோதனை அதோடு முடிந்தது. அக்காவுக்குத்தான் முடிக்க மனசில்லை. அதே விரலில் பஞ்சை வைத்து, "இப்போ?" என்று மறுபடி கேட்டார்.