பானுப்ரியாவும் மயில் ரசிகர்களும்

பானுப்ரியாவுக்கு மயில் என்றால் ஆகாது. குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, மழையை நம்பிக் கடலை போடுகிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அவள் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள், அவ்வளவுதான். விதை ஊன்றிய மறுநாளே வந்து கிளறும். தப்பி முளைத்ததைக் கொத்தும். பூ மண்ணுக்குள் இறங்குகிற நேரத்தில் செடிகளுக்கு நடுவே மண் குளியல் போடும். கணவன் பாண்டியராஜ் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மினி லாரி ஓட்டுகிறவன். விடியுமுன்னே கிளம்பிவிடுவான். கடலைக்காட்டைப் பார்ப்பது அவள் ஒருத்திதான். காலையில் பெயிண்ட் டப்பாவும் குச்சியுமாகப் போனால் வெயில் ஏறும் வரை தட்டிக்கொண்டே நிற்பாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஒரு கூட்டம் காரில் வந்து இறங்கியது. பறவை பார்க்கிறவர்களாம். எந்தப் பறவையை எங்கே பார்த்தாலும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆத்தூர் அணையில் நாரையை முடித்துவிட்டு, நத்தம் மாந்தோப்பில் ஆந்தையை முடித்துவிட்டு, இப்போது மயிலுக்கு வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இலை நிறத்தில் சட்டை, தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். கடலைக்காட்டுக்கு வருவதற்கு இம்புட்டு ஏற்பாடு. குழுவின் தலைவன் ஆல்வின், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பூ விட்டிருந்த செடிகளின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கேமராவை நீட்டினான்.

"அக்கா, செத்த நேரம் தட்டாம இருங்க. தோகை விரிக்கப் போகுது."

"விரிச்சா எனக்குக் கடலை வெளையுமா?"

"பாக்க அழகா இல்லையா?"

"அழகுதான். உங்க வீட்டு மாடியில கொண்டுபோய் விட்டுக்கங்க. மொதல்ல செடிய விட்டு எந்திரிங்க."

அவன் எழவில்லை. அவள் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். மயில் பறந்தது. ஆல்வின் பின்னால் நின்றவர்களில் ஒருவன் அதை வீடியோ எடுத்துவிட்டான்.

சாயங்காலமே அது ஊரெல்லாம் சுற்றியது. தேசியப் பறவையைக் கல்லால் அடிக்கும் கொடூரப் பெண் என்று தலைப்பு. பொட்டலத்தில் தவிர வேறெங்கும் கடலையைப் பார்த்திராதவர்கள் அதன் கீழே தீர்ப்பு எழுதினார்கள். திருப்பூரிலிருந்து அக்கா ஆனந்தி போன் போட்டு, "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டாள். ரேஷன் கடை வரிசையில், அதே மயிலை நாய் விட்டு விரட்டுகிற பொம்பளைகள்கூட அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாங்கிய அரிசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஓடைக்கரையில் இரண்டு மயில்கள் செத்துக் கிடந்தன. வனத்துறையிலிருந்து ஆட்கள் வந்து நேரே அவள் வாசலில்தான் நின்றார்கள். வீடியோவைப் பார்த்திருந்தார்கள்.

"மருந்து கிருந்து வச்சியாம்மா?"

"மருந்து வாங்கக் காசிருந்தா செடிக்கு அடிச்சிருப்பேன் சார்."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். உர மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். பாண்டியராஜ் லோடு இறக்கியதும் இறக்காததுமாக ஓடி வந்தான். அன்று இருவருமே சாப்பிடவில்லை. ஜெயிலில் போட்டுவிடுவார்களா என்று அவன் கேட்டான். தெரியவில்லை என்றாள்.

கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, தாழ்ந்து தொங்கிய கம்பியில் கரன்ட் அடித்துத்தான் செத்திருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார். வனத்துறை ஆட்கள் அதை அவளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதியவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் அதற்குள் வேறெதையோ பார்க்கப் போயிருந்தார்கள்.

ஐப்பசியில் கடலை பிடுங்கினார்கள். கிழக்கு மூலையில் கிளுவை வேலியில் பெரிய குளவிக்கூடு ஒன்று இருந்தது. கூலிக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், நாலு முழம் இடம் பிடுங்காமல் நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஆல்வின் மறுபடி வந்தான். மன்னிப்புக் கேட்க என்று சொன்னான். கேமராவையும் கொண்டுவந்திருந்தான். வேலி ஓரம் நின்று அதை அங்குமிங்கும் திருப்பியவன் அப்படியே குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்த மூலையில பெட்டை மயில் அடைகாக்குது. அதுக்காகத்தானே அறுக்காம விட்டிருக்கீங்க?"

"குளவிக்காக விட்டுருக்கேன்."

அவன் சிரித்தான். நல்லவர்கள் இப்படித்தான் மறைப்பார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் அதே குழுவில், அதே ஆட்கள், எறிந்த கையே காக்கிறது என்று எழுதிக் கைகூப்பினார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகமாட்டேன் என்றாள். "கேவலப்படுத்துன வாயாலயே நல்லபடியாச் சொல்லட்டுமே, வா," என்று பாண்டியராஜ்தான் இழுத்துப் போனான். சால்வை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"அங்க குளவி இருந்துச்சு. கொட்டும்னு விட்டேன். அப்ப மயிலு இருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெரட்டித்தான் விட்டிருப்பேன்," என்றாள்.

மண்டபமே எழுந்து கைதட்டியது. எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார் தலைமை தாங்கியவர். பானுப்ரியா மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கி வந்தாள். பஸ்ஸில் ஏறியதுமே சால்வையைச் சுருட்டிப் புருஷன் மடியில் போட்டாள்.

சில நாள் கழித்து வேலி ஓரம் போனபோது முட்டைகள் உடைந்து கிடந்தன. கீரி வந்துபோன தடம் மண்ணில் தெளிவாக இருந்தது. பெட்டை மயில் தள்ளி நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டவில்லை. அதற்காக நின்று வருத்தப்படவும் இல்லை. மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் ஆல்வின் கூப்பிட்டான். "அக்கா, குஞ்சு பொரிச்சிருக்குமே, எப்ப வரட்டும்?"

"கீரி தின்னுட்டுப் போயிருச்சு."

"அப்ப படம்?" என்றான் அவன்.

"கீரியப் படம் புடிக்கிறதுன்னா வாங்க," என்றாள் பானுப்ரியா. "வரப்பு மேல மட்டும் நடந்து வாங்க."

அவன் வரவில்லை.