உப்புப் போட்டது யார்?

மின்சாரமும் மண்ணெண்ணெயும் யாழ்ப்பாணத்தைக் கைவிட்டிருந்த காலம். பக்கத்து வளவு அண்ணையின் தண்ணீர் இறைக்கும் மெசினைக் கரியில் ஓட்டிக் காட்டுவதாக வாய்விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

இரும்புப் பீப்பாவுக்குள் கரியை எரித்து, வரும் வாயுவை மெசினுக்குள் விடவேண்டும். நெருப்பு இரும்பைத் தின்னாமல், சூடு வெளியே போய்க் கரி வீணாகாமல் இருக்க உள்ளே மண் பூசவேண்டும். களிமண், பழைய ஓட்டுத் தூள், உமிச் சாம்பல் எல்லாம் குழைத்து மூன்று முறை பூசினேன். மூன்று முறையும் பூச்சு பாகாய் உருகி வழிந்தது. அண்ணை கையால் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் ஏறியது.

வேலிக்கு மேலால் தினமும் எட்டிப் பார்ப்பார். "என்ன மாஸ்டர், இண்டைக்கும் பாயாசமோ?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. காய்ந்த மண்ணின் ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. நக்கிப் பார்த்தேன். உப்பு! அடுத்த குழையலைச் சாக்கால் மூடி, மேலே அடையாளத்துக்கு ஓர் ஈர்க்கு வைத்தேன். மறுநாள் ஈர்க்கு அசையவில்லை, ஆனால் உப்புப் பூத்திருந்தது. அண்ணை பலே கெட்டிக்காரன்தான். என் மானத்தை வாங்கத் தன் வெங்காயத்தையே பலி கொடுக்கிறார் என்று முடிவுகட்டி வேலியடிக்குப் போனேன்.

"அண்ணை, ஆரோ என்ரை மண்ணுக்கை உப்புப் போடினம்."

"ஆரோ எண்டால்?"

"வேலிக்கு அங்காலை இருக்கிற ஆரோ."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "என்ரை வெங்காயத்தை நானே கொல்லுறனோ? அது கிடக்கட்டும், எந்தத் தண்ணியிலை குழைச்சனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலைதான்."

"உந்தத் தண்ணியிலை தேத்தண்ணி குடிப்பியளோ?"

குசினிக்குள்ளிருந்து மனைவி பதில் சொன்னாள்: "வாயிலை வைக்கேலாது அண்ணை. குடிக்கிறதுக்கு நான் கோயில் கிணத்திலையெல்லோ அள்ளுறனான்."

உப்புச் சேர்ந்த மண் குறைந்த சூட்டிலேயே உருகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கிணறு உவர் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கத்தான் மண்டைக்குள் ஆள் இருக்கவில்லை.

அண்ணை தன் தோட்டக் கிணற்றிலிருந்து இரண்டு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். "ஒரு பாத்தியின்ரை தண்ணி, கவனம்" என்றவர், குழைத்து முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இம்முறை பூச்சு உருகவில்லை. மெசின் இருமி, செருமி, வாய்க்காலில் தண்ணீரைக் கக்கியது. அண்ணை சிரிப்பார் என்று பார்த்தேன். குனிந்து ஒரு கை அள்ளி, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் அதை வெங்காயத்துக்குத் திருப்பினார்.