என் தகப்பனாரின் கையெழுத்து

சென்னையில் நான் தங்கப் போன பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைக்க இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, படித்த பள்ளிக்கூடம் தரும் நன்னடத்தைச் சான்று. மற்றது, மகள் அங்கே தங்கத் தமக்குச் சம்மதம் என்று தகப்பனார் கையெழுத்திட்ட கடிதம். இரண்டும் என் தகரப் பெட்டியில் இருந்தன. இரண்டாவதை எழுதியது நான். கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வாரம் ஒரு முறை, திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊருக்கு வருவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திண்டிவனத்தில் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படிக்கும்போது மார்க்கு அட்டையைக் கொடுத்து, தகப்பனார் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் அப்பாவின் இங்கிலீஷ் கையெழுத்தைக் காட்டிவிட்டு, "உங்க அப்பாது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "நாளைக்குப் பாரு" என்றேன்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு ஒரு கையெழுத்தை உண்டாக்கினேன். பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு திரும்பி வந்து, பெயர் முழுவதற்கும் அடியில் ஓடும். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. தாலுகா ஆபீஸ் நோட்டீசு ஒன்றில் அப்படிப் பார்த்திருந்தேன். புள்ளி வைத்தால்தான் பெரிய மனிதர் கையெழுத்து என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஆறு வருஷம் அது தடையில்லாமல் செல்லுபடியானது. "பள்ளிக்கூடத்துல காயிதம் எதனா குடுத்தாங்களா பாப்பா, கை வெக்கணுமா?" என்று அப்பா அவ்வப்போது கேட்பார். "வேணாம் நைனா, நானே பாத்துக்கினேன்" என்பேன். அவருடைய கைநாட்டு என் அட்டையில் விழுவதை நான் விரும்பவில்லை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பள்ளிப் படிப்பு முடிந்து, ஆசிரியைப் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். மனுவைத் தகப்பனார் கையெழுத்துடன் நேரில் கொண்டுவரச் சொல்லிச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. குறித்த நாளில் காலை பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் முந்தின நாளே போயாக வேண்டும். பட்டணத்தில் எங்களுக்கு யாரும் கிடையாது. இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் அத்தை மகனுக்கு என்னைக் கொடுத்துவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பா மண்டியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு என்னுடன் வந்தார்.

விடுதி என்பது ஓடு வேய்ந்த ஒரு நீண்ட கூடம். பதினாறு கயிற்றுக் கட்டில், வாசலுக்கருகில் ஒரே ஒரு குழாய், அதன் முன்னால் வரிசையாக வாளிகள். ஆண்கள் கேட்டுக்கு உள்ளே வரக் கூடாது. எனக்கு இடம் கிடைத்ததும் சாயங்கால வண்டியைப் பிடிக்கலாம் என்று அப்பா வெளியே நின்றார்.

வார்டன் அம்மாவின் மேசை கூடத்தின் கோடியில் இருந்தது. கடிதத்தை வாசித்தார், தலையசைத்தார். பெரிய ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, "பேர் எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். கை தன் போக்கில் கோட்டை இழுத்து, கீழே இரண்டு புள்ளியும் வைத்துவிட்டது.

அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார்.

"உங்க அப்பாவும் புள்ளி வெப்பாரா?"

"ஆமாம்மா. அவரைப் பாத்துதான் நான் வெக்கிறேன்."

குழாயடியில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"போன மாசம் ஒருத்தி இப்படித்தான் கடுதாசியோட வந்தா. வீட்டைவிட்டு ஓடி வந்தவ. போலீஸ்காரங்க என்னைத்தான் நிக்க வெச்சுக் கேட்டாங்க. யுத்த காலம், நான் யாரையும் நம்பறதா இல்லே. அப்பா எங்கே?"

"கேட்டுல நிக்கிறாரு."

"கூப்பிடு."

கூட்டிவருகிற வழியில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் காவல்காரம்மா போய் அழைத்துவந்துவிட்டாள். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வார்டன் அம்மா கடிதத்தை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"என்னுதுதாம்மா."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்படின்னா இங்கே ஒண்ணு போடுங்க."

"கண்ணாடி எடுத்தாரல தாயி."

"பேர் எழுதறதுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"வயசாயிக்கினு போவுதில்ல."

"வர்ற வழி மட்டும் நல்லாத் தெரிஞ்சுதாக்கும்" என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது சுட்டது. அப்பா கண்ணாடி என்று ஒன்றை வாழ்நாளில் தொட்டதில்லை.

வார்டன் அம்மா பேனாவை நீட்டியபடியே இருந்தார். அப்பா வாங்கிக்கொண்டார். மூட்டை இழுக்கும் கொக்கியைப் பிடிப்பதுபோல ஐந்து விரலாலும் பிடித்தார். நிப்பு காகிதத்துக்கு மேலேயே நின்றது. ஒரு சொட்டு மை விழுந்தது. எனக்காக எதையாவது கிறுக்கித்தான் விடுவார், அதைப் பார்த்து அந்தக் கூடமே சிரிக்கும் என்று தெரிந்தது.

"அவருக்கு எழுத வராதும்மா" என்றேன். "ரெண்டும் நான் போட்டது."

வார்டன் அம்மா ரிஜிஸ்டரை மூடினார்.

"அப்ப இந்தக் கடுதாசி செல்லாது. சாயங்கால வண்டியிலே அப்பாவோடவே கிளம்பு."

நான் பெட்டியைத் தூக்கினேன். அப்பா நகரவில்லை.

"கை வெச்சா செல்லுங்களா?" என்று கேட்டார்.

வார்டன் அம்மா நிமிர்ந்தார்.

"ரிஜிஸ்தர் ஆபீசுல வெச்சா கவர்மெண்டே ஒத்துக்குது. இங்க எப்பிடின்னு தெரியல, அதான் கேட்டேன்." அப்பா குரலில் குத்தல் இல்லை. சந்தையில் விலை கேட்பதுபோல் கேட்டார்.

வார்டன் அம்மா ரிஜிஸ்டரை மறுபடி திறந்தார்.

"செல்லும். கடுதாசி வேணாம், இதிலேயே வெய்யுங்க. யாரோட ரேகைன்னு எழுத்து தெரிஞ்சவங்க கீழே எழுதணும்."

மை ஒற்றும் தாளில் கொஞ்சம் மையை ஊற்றினார். அப்பா இடது கட்டைவிரலை அதில் தோய்த்து, என் பெயருக்கு எதிரே இடமிருந்து வலமாக ஒரே உருட்டு உருட்டி எடுத்தார். அமுக்கவில்லை, இழுக்கவில்லை. ஒரு ரேகைகூட அழியவில்லை. கொக்கி கிழித்த பழைய தழும்புகூட வெள்ளைக் கோடாக நடுவில் விழுந்திருந்தது. விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

நான் எழுதினேன்: "இது என் தகப்பனாரின் இடது கைப் பெருவிரல் ரேகை." ஆறு வருஷமாக எழுதாமல் தப்பித்துவந்த வரி. கீழே என் பெயரை மட்டும் எழுதினேன். கோடு இழுக்கவில்லை.

"பதினோராவது கட்டில்" என்றார் வார்டன் அம்மா. "குழாய்லே தண்ணி ஆறு மணியோட நின்னுடும்."

பெட்டியோடு கேட்டுவரை அப்பாவுடன் போனேன். "என்னைக் கேட்டிருந்தா வெச்சிருப்பேனே பாப்பா" என்றார். துண்டை உதறித் தலையில் கட்டத் தொடங்கினார். அப்போதுதான் பெட்டிக்குள் இருக்கும் பயிற்சிப் பள்ளி மனுவின் நினைவு வந்தது. அதிலும் அதே கையெழுத்து, அதே புள்ளிகள். யாருக்கும் தெரியாது. எடுத்துக்கொண்டு போனால் செல்லும்.

"நைனா, இன்னொண்ணு கீது."

விரலைப் பார்த்துக்கொண்டார். "தொடச்சிட்டேனே. போயி மை வாங்கிக்கினு வா, ஜல்தி. வண்டி போயிடப் போவுது."

குழாயடியைக் கடந்து, அந்தப் பெண்களைக் கடந்து, வார்டன் அம்மாவிடம் போனேன். "அப்பா இன்னொரு காகிதத்துல கைநாட்டு வெக்கணும்மா. அந்த மையும் பேனாவும் கொஞ்சம் வேணும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். கேட்டுக்குத் திரும்பி வந்து, பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் மனுவை விரித்தேன். கையெழுத்தை ஒரே கோட்டில் அடித்தேன். புள்ளிகளை மட்டும் தனித்தனியாக அடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தத் தாளை வாங்கிய குமாஸ்தா, "என்னம்மா இது, அடிச்சுத் திருத்தியிருக்கே?" என்றார்.

"அடிச்சது தப்புங்க. கீழ இருக்கிற கைநாட்டுதான் சரி" என்றேன்.

ஜன்னலுக்கு அருகில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார்.