மூலனூருக்குக் குளவி கொண்டுபோன ஞாயிறு

பத்தாவது வரை படித்தவன் நான். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தேசம் சுற்றியவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். போன தூரமும் எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். என் மடியில் இருந்தவை வெகு தூரத்திலிருந்து வந்தவை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மாவுப்பூச்சி வந்து அது இரண்டாவது வருடம். மூலனூர் அருகே என் தங்கை சரசுவும் அவள் கணவர் பொன்னுசாமியும் இரண்டு ஏக்கர் காட்டில் பப்பாளி வைத்திருந்தார்கள். இலை, காய், தண்டு எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் பூச்சி. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

"இந்தத் தடவையும் போச்சுன்னா காட்டை அழிச்சுட்டுத் திருப்பூருக்கே வந்தர்றனுங்க மச்சான். உங்க கம்பெனியில வாட்ச்மேன் வேலை இருக்குதுன்னீங்களே" என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். மேனேஜரிடம் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். சரசுவுக்கு இதில் இஷ்டமில்லை. "சொந்தக் காட்டை உட்டுப்போட்டு, அடுத்தவங்க கேட்டை ராவெல்லாம் காத்துட்டு உக்கோரணுமாங்கண்ணா?" என்றாள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போனேன். மாவுப்பூச்சியைக் கொல்லும் பொடிக் குளவிகளை அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தில் வளர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். வாயில் துணி கட்டிய ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி. உள்ளே கொஞ்சம் தூசி. உற்றுப் பார்த்தால் தூசி நகர்ந்தது.

"பப்பாளி கப்பல்ல வந்த மரமுங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. "அமெரிக்காப் பக்கம் இருந்து பல நூறு வருஷத்துக்கு முந்தி வந்துது. இந்தப் பூச்சிக்கும் சொந்த ஊர் அங்கதான். அது இப்பத்தான் வழி கண்டுபிடிச்சு வந்துருக்குது. அதைத் தின்னற குளவி மட்டும் அங்கயே நின்னு போச்சு. நாங்க போய்க் கூட்டிட்டு வந்தோம்." பிறகு இரண்டு விஷயம் சொன்னார். குளவி நாளைக்கு மேல் தாங்காது. மருந்து அடித்த காட்டில் விட்டால் அப்போதே செத்துவிடும். குளவி கிடைக்கும் என்று கேள்விப்பட்டதுமே, மருந்து அடிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் போன வாரமே சொல்லியிருந்தேன்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குத் திருப்பூர் பஸ் நிலையம். வாரம் முழுக்க நின்ற கால், உட்கார்ந்த பிறகும் வலித்தது. குப்பியை ஈரமான பனியன் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். தாராபுரத்துக்குப் பதினேழு ரூபாய். பக்கத்து சீட்டில், பழனிக்குப் போகிற தெற்கத்தி அம்மா ஒருவர்.

"அண்ணாச்சி, அதுல என்ன? புள்ளை மாதிரி பிடிச்சிட்டு இருக்கீய?"

"பூச்சிங்க."

"பூச்சியா! எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே அள்ளித் தாரேன்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, அதுகளுக்கு டிக்கெட் போட வேண்டாமுங்களா?" பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோவில்வழி, கொடுவாய் தாண்டியதும் இருபுறமும் மக்காச்சோளம், தக்காளி, நடுவே மிளகாய். எல்லாம் கப்பலில் வந்தவை என்று அதிகாரி சொல்லியிருந்தார். நாங்கள் தைக்கும் பனியனின் பருத்திகூடப் பெரும்பாலும் அந்தப் பக்கத்து இனம்தானாம். அங்கிருந்து வந்த பருத்தியில் பனியன் தைத்து, அங்கேயே கப்பல் ஏற்றுகிறோம். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. தாராபுரம் வரை தூங்கிவிட்டேன். விழித்ததும் முதலில் குப்பியைத்தான் பார்த்தேன். தூசி நகர்ந்தது.

மூலனூர் பஸ்ஸுக்கு எட்டு ரூபாய். இறங்கும்போது மணி ஒன்பதரை. மாப்பிள்ளை வண்டியில் கூட்டிப் போனார். தோட்டத்து வழியில் திரும்பியதுமே மருந்து வாடை மூக்கில் ஏறியது.

காடு கழுவி விட்டதுபோல் இருந்தது. வெள்ளை பிடித்த இலைகளையெல்லாம் வெட்டி எரித்திருந்தார். மீதி மரங்களில் மருந்துத் தடம் இன்னும் தெரிந்தது.

"மாப்ளை, அடிக்க வேண்டாம்னு சொன்னனே?"

"சொன்னீங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு வருஷம் கழிச்சு வர்றீங்க. காடு அந்தக் கோலத்துல கெடந்தா, தங்கச்சியை எவன்கிட்டக் குடுத்தோம்னு நெனைக்க மாட்டீங்களா? நேத்துச் சாயங்காலம் மனசு கேக்கலீங்க. ஒரு ஓரத்துல உட்டா ஆவாதுங்களா?"

"எந்த ஓரத்துல வாடை இல்லீங்க?" என்று கேட்டாள் சரசு. விருந்தாளிக்காக வாசல் கூட்டுவதுபோல் மாப்பிள்ளை காட்டைக் கூட்டி வைத்திருந்தார். அவரை என்ன திட்டுவது?

மதியம் முருங்கைக்காய்க் குழம்பு. கப்பலில் வந்த தக்காளியையும் மிளகாயையும் எடுத்துவிட்டால் குழம்பில் முருங்கைக்காய்தான் மிஞ்சும் என்றேன், பேச்சு வளரட்டும் என்று.

"அதுக்குத்தான் இந்தப் பூச்சித் தொல்லை இல்லையே. முருங்கையே வெச்சிருக்கோணும்" என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை. குப்பியில் அசைவு குறைந்திருந்தது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சரசு சொன்னாள்: "முத்துசாமியண்ணன் காட்டுல பூச்சி வேணுங்கற அளவு இருக்குதுங்கண்ணா. மருந்தே பட்டதில்ல."

முத்துசாமி பக்கத்துக் காட்டுக்காரர். போன வருடமே மனம் வெறுத்துப் பப்பாளியை அப்படியே போட்டுவிட்டவர். அங்கிருந்துதான் பூச்சி வருகிறது என்று மாப்பிள்ளை வேலியில் நின்று சத்தம் போட்டு, பொங்கலிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "அவன் ஊட்டு வாசல்ல போய் நானு நிக்கோணுமா?" என்றார். சரசு குப்பியை எடுத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

முத்துசாமி கட்டிலில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். "ஏனுங்க பொன்னுசாமி, என்ற காட்டுப் பூச்சியாலதான் உங்க காடு கெட்டுதுன்னீங்க. இப்ப பத்தாதுன்னு வேற பூச்சி கொண்டாந்து உடறீங்களா?"

"ஆமாங்கண்ணா." மாப்பிள்ளை தலை குனிந்தபடி சொன்னார். "உங்க காடுதானுங்க இப்ப வேணும். இங்க பெருகுனா எங்க காட்டுக்கும் வருமுங்க."

முத்துசாமி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "உடுங்க. அது மட்டும் என்னையக் கேட்டுட்டா வேலி தாண்டப் போவுது?"

வெயில் தாழ்ந்ததும் உள்ளே போனோம். மரங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் நின்றன. வெள்ளை அதிகமாக இருந்த மரத்தடியில் துணியை அவிழ்த்தேன். புகைபோல ஏதோ மேலே போனது. அவ்வளவுதான். பறந்தது எத்தனை, செத்துக் கிடந்தது எத்தனை என்று தெரியவில்லை. இத்தனை கடல் தாண்டி வந்ததைப் பார்க்க நான்கு பேர் நின்றோம், பார்க்க ஒன்றுமில்லை.

"இனி என்னுங்க செய்யோணும்?" என்று கேட்டார் முத்துசாமி.

"ஒண்ணும் செய்யக் கூடாதுங்க" என்றேன். "மருந்து மட்டும் அடிக்கக் கூடாது. மூணு நாலு மாசம் ஆகுமுங்களாம்."

"ஒண்ணுஞ் செய்யாம இருக்கறதுதானுங்க எனக்குக் கைவந்த வேலை" என்றார். அப்போதுதான் மாப்பிள்ளை சிரித்தார்.

பஸ் ஏற்றிவிடும்போது, "அந்த வேலையை ஒரு மாசம் நிறுத்தி வெக்கச் சொல்லுங்க மச்சான்" என்றார். சரி என்றேன். திரும்பும் வழியில் நின்றுகொண்டுதான் வந்தேன். வேலம்பாளையத்தில் எங்கள் லைனில் இருக்கிற பத்து வீட்டில் எட்டு வீட்டார் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். நானும் மூலனூரை விட்டு வந்தவன்தான். வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டோம். எங்களுக்குப் பின்னால் என்ன வந்தது, எதை விட்டு வந்தோம் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பூச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு வேலைக்குப் போனேன். வாட்ச்மேன் வேலைக்கு ஒரிசாக்காரர் ஒருவரை எடுத்துவிட்டதாக மேனேஜர் சொன்னார். மதியம் சரசுவுக்குப் போன் செய்து சொன்னேன். "செரிங்கண்ணா" என்றாள். மாப்பிள்ளை மருந்து டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாராம்.