வரிசைக்கு ஒரே கிண்ணம்

பிரான்ஸில் இரண்டு ஊர்த் திருவிழாக்களில் வயிறு வெடிக்கத் தின்றுவிட்டு லண்டனுக்கு வந்தால், மோர்டன் பக்கத்துப் பூங்காவிலும் ஒரு பிரெஞ்சுத் தீனித் திருவிழா. விடுவேனா? நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துச் சிவலிங்கம், துணைக்கு வருகிறார்.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வெள்ளிக் கிண்ணத்தில் ஒயினை ஊற்றி நீட்டுகிறார். வரிசை முழுவதற்கும் அதே கிண்ணம்தான். எனக்கு முன்னால் நிற்கும் மீசைக்காரர் அதை நக்காத குறையாகக் குடிக்கிறார். என் முறை வந்ததும் மதுரைப் பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றுகிறேன். பாதி மூக்குக்குள் போகிறது.

"எச்சிலுக்குப் பயந்து சாகப்போறியள். என்னைப் பாருங்கோ" என்று சிவலிங்கம் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறார். தோட்டக்காரர் ஒரு கணம் விழித்துவிட்டுக் கையிலேயே ஊற்றுகிறார். சிவலிங்கம் உறிஞ்சிக் குடிக்கிறார். வெள்ளிதோறும் கோயிலில் தீர்த்தம் வாங்கிப் பழகிய கை, மிச்ச ஈரத்தைத் தானாகவே தலையில் தடவிவிடுகிறது.

"ஐயோ, வீட்டிலை மனிசி தலையை மணந்து பிடிக்கப்போறா!"

"கோயிலுக்குப் போனேன்னு சொல்லுங்க" என்கிறேன்.

எங்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி. இதுதான் முறை போலும் என்று பயபக்தியோடு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையைக் குழிக்கிறார்.